கடலோர மணலில் ஜிப்சம் போட்டும் உப்பு போகவில்லை. இன்னும் எத்தனை மூட்டை?

தாழங்குடா | ஜூன் 8, காலை 7:40

கடலூர் தாழங்குடா பக்கம் 8 சென்ட் நிலம். மணல் மண், போர் தண்ணீர். பாதியில் செண்டுமல்லி, மீதியில் குண்டுமல்லி வைக்க வேண்டும். காய்ந்ததும் பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. நாற்று இலையின் ஓரம் கருகுகிறது. உரக்கடையில் உப்பு மண்ணுக்கு ஜிப்சம்தான் மருந்து என்றார்கள். 50 கிலோ மூட்டை இரண்டு தூவிக் கொத்திவிட்டு ஒரு மாதம் ஆகிறது, மாற்றம் இல்லை. போன வாரம் வந்த மண் பரிசோதனைச் சீட்டில் பிஎச் (அமில, கார அளவு) 7.9, இசி (கரைந்த உப்பின் அளவு) 2.3. இன்னும் எத்தனை மூட்டை போட வேண்டும்?

கெடிலக்கரை | ஜூன் 8, காலை 9:15

ஒரு மூட்டையும் வேண்டாம்.

உவர், களர் இரண்டையும் ஊரில் "உப்பு மண்" என்றே சொல்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உவர் மண்ணில் தண்ணீரில் கரையும் உப்பு ஏறிக் கிடக்கும், இசி உயரும், மேலே வெள்ளை பூக்கும். களர் மண்ணில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். பிஎச் பெரும்பாலும் 8.5 தாண்டும், தண்ணீர் இறங்காமல் தேங்கும், காய்ந்தால் கருப்பாகப் பாளம் வெடிக்கும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை விரட்டி அதன் இடத்தில் உட்கார்கிறது. ஆகவே அது களருக்கு மருந்து. உவருக்குத் தேவை நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். 7.9 பிஎச்சில் மணல் மண் களராக இருக்க வாய்ப்பு குறைவு.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைநீர் விட்டு அசைக்காமல் வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் களர். உதிர்ந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை.

பாகூர் ஏரிக்கரை | ஜூன் 8, காலை 10:02

மணல் மண்ணில் கட்டி ஏது, டம்ளரில் போட? அந்தச் சோதனை எங்கள் பாகூர் நஞ்சைக்கு வேலை செய்யும். தாழங்குடா மணலில் களியே சொற்பம், கலங்குவதற்கு ஒன்றும் இல்லை. தெளிவாக நின்றால் எதுவும் நிரூபணம் ஆகாது.

கெடிலக்கரை | ஜூன் 8, காலை 10:20

சரிதான். டம்ளர் சோதனையை அவர் விஷயத்தில் விட்டுவிடலாம். பிஎச் எண் போதும்.

தாழங்குடா, இரண்டு கேள்வி. மண் மாதிரி எடுத்தது ஜிப்சம் போடும் முன்பா, பின்பா? எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள்? இன்னொன்று, போர் தண்ணீரின் இசி என்ன? குடிநீருக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அதிலேயே பாருங்கள். மலிவான மீட்டர் பலதும் 500 பெருக்கி, அதாவது இசியை 500ஆல் பெருக்கிக் காட்டும். அதில் 500 காட்டினால் இசி 1. சிலது 640 பெருக்கி. அட்டையில் போட்டிருக்கும்.

தாழங்குடா | ஜூன் 8, மாலை 6:31

ஜிப்சம் போட்டு 15 நாள் கழித்துத்தான் எடுத்தேன். கரண்டியால் மேலாக இரண்டு அங்குலம். தண்ணீர் மீட்டரில் 1310 காட்டுகிறது, 500 பெருக்கி என்றே அட்டையில் இருக்கிறது.

கெடிலக்கரை | ஜூன் 8, இரவு 8:47

இரண்டு விஷயம் தெளிந்துவிட்டது.

ஜிப்சமே கரையும் உப்பு. அதன் நிறைவுற்ற கரைசல் தனியாகவே இசி 2.2 அளவு காட்டும். 8 சென்ட்டில் 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 300 கிராம் சொச்சம். மேல் இரண்டு அங்குலத்தில் அது அப்படியே கிடந்திருந்தால், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் சேர்க்கும் ஆய்வக முறையில் ஜிப்சம் மட்டுமே ஒன்றரை வரை ஏற்றிக் காட்டும். 2.3இல் எத்தனை நிலத்தின் உப்பு, எத்தனை மூட்டையின் உப்பு என்று பிரிக்கவே முடியாது. சீட்டை ஓரமாக வையுங்கள்.

தண்ணீர் 1310, அதாவது இசி 2.6. பாசன நீரில் 0.75 வரை கவலை இல்லை, 2.25 தாண்டினால் மிக அதிகம். வெள்ளை பூப்பது இதனால்தான். ஒவ்வொரு பாய்ச்சலிலும் உப்பை நீங்களே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள். மண்ணைத் திருத்திவிட்டு இதே தண்ணீரைப் பாய்ச்சுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல.

கேப்பர் மலை | ஜூன் 9, காலை 6:55

மண் மாதிரி எடுக்கும் முறையையும் யாராவது சொல்லிவிடுங்கள். கரண்டி என்றதும் தூக்கிவாரிப் போட்டது.

கெடிலக்கரை | ஜூன் 9, காலை 7:30

மேல் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி மண்ணை எடுத்துவிட வேண்டும். வெட்டின ஓரத்தில் மேலிருந்து அடி வரை ஒரு அங்குலக் கனத்தில் சீவ வேண்டும், மாதிரி அதுதான். 8 சென்ட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக 10 இடம் போதும். வரப்பு, எருக்குவியல், மரநிழல், வாய்க்கால் ஓரம் கூடாது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ மிஞ்சும்போது நிறுத்துங்கள். நிழலில் உலர்த்திக் கொடுங்கள். யூரியா மூட்டையைப் பை ஆக்கிக் கொண்டுபோகாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கு தப்பும்.

செண்டுமல்லிக்கு ஒன்று, மல்லிகைக்கு ஒன்று. மல்லிகைக்கு 15–30 செ.மீ. அடுக்கிலும் தனியாக ஒன்று எடுத்தால் நல்லது.

பாகூர் ஏரிக்கரை | ஜூன் 9, காலை 8:11

எண்ணைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சீட்டில் இசி 1க்குக் கீழ் என்றால் "தீங்கில்லை" என்று அச்சடித்து வரும். அந்த எண் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய கரைசலுடையது. வேர் பார்ப்பது மண்ணில் நிற்கும் கொஞ்ச ஈரத்தை. மணல் பிடித்து வைக்கும் ஈரம் களிமண்ணைவிடப் பல மடங்கு குறைவு, அதே உப்பு அங்கே அடர்த்தியாகிவிடும். களியில் 0.9 என்றால் தூங்கலாம். மணலில் 0.9 என்றால் நாற்று ஓரம் கருகத் தொடங்கும்.

தாழங்குடா | ஜூன் 9, இரவு 9:20

டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றி உப்பை இறக்கிவிடலாமா?

கெடிலக்கரை | ஜூன் 10, காலை 6:48

கணக்கைப் பாருங்கள். ஒரு அடி மண்ணில் உள்ள உப்பில் பெரும்பகுதி இறங்க ஏறக்குறைய ஒரு அடி நல்ல தண்ணீர் அதன் வழியாகப் போக வேண்டும். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர், 30 செ.மீ. தண்ணீர் என்றால் 12,000 லிட்டர். 8 சென்ட்டுக்கு ஒரு லட்சம் லிட்டரை ஒட்டும். அந்தக் காசுக்கு கோயம்பேட்டில் பூவே வாங்கிவிடலாம்.

நம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை இலவசமாகச் செய்யும் வேலையைத் தடுக்காமல் இருந்தால் போதும். செய்ய வேண்டியது:

வடிகால் முதலில். நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் வாய்க்கால், வெளியே வடியும்படி. இரண்டு அடி தோண்டும்போதே தண்ணீர் ஊறினால் அதற்கு மேல் போகாதீர்கள். அங்கே பாத்தியைத்தான் உயர்த்த வேண்டும். பாத்தி ஒரு மீட்டர் அகலம், அரை அடியிலிருந்து முக்கால் அடி உயரம். இடையில் ஒன்றரை அடி சால் (பள்ளம்).

செடி பாரின் (உயர்த்திய பாத்தியின்) உச்சியில் வேண்டாம். சாலில் தண்ணீர் விட்டால் ஈரம் மேலேறி உச்சியில் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். வெள்ளை பூக்கும் கோட்டைப் பாருங்கள், அது நடு உச்சியில்தான் இருக்கும். நாற்றைப் பாரின் பக்கச் சரிவில், ஈரக் கோட்டுக்குச் சற்று மேலே நடுங்கள்.

மண்ணை மூடி வையுங்கள். வெயில் இழுப்பது குறைந்தால் உப்பு ஏறுவதும் குறையும். நம் கரையில் சவுக்குச் சருகுக்குப் பஞ்சமில்லை. இரண்டு அங்குலக் கனம் போதும்.

கேப்பர் மலை | ஜூன் 10, காலை 9:34

சவுக்குச் சருகு மேலே போர்த்த மட்டும். மண்ணில் கொத்திவிட்டால் மக்குவதற்கு நாளாகும். மக்கும் வரை தழைச்சத்தை நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும், செடி வெளுக்கும். முந்திரிச் சருகும் அதே ரகம்.

தாழங்குடா | ஜூன் 10, பகல் 1:05

மழை வரும் வரை தண்ணீருக்கு என்ன செய்ய? போர் 90 அடி.

கெடிலக்கரை | ஜூன் 10, இரவு 7:52

90 அடியை விடுங்கள். கடலோர மணல் மேட்டில் மழைநீர் மேலாக மிதந்து நிற்கும், உப்பு நீர் கனமானது, அடியில் இருக்கும். 10, 12 அடியில் ஊற்றுக்குழி அல்லது உறைகிணறு போட்டால் பெரும்பாலும் மேல் நீர் நன்றாக இருக்கும். ஆனால் 5 குதிரை மோட்டாரை வைத்து உறிஞ்சினால் அடி உப்பு மேலே ஏறிவிடும், பிறகு இறங்க மாதக்கணக்காகும். அரைக் குதிரை மோட்டார், காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி. வாரம் ஒரு முறை மீட்டரைப் போட்டுப் பாருங்கள், எண் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஊற்று நீரையும் போர் நீரையும் பாதிக்குப் பாதி கலந்தாலே இசி இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

சொட்டு நீர் போட்டால் உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் சேரும். திடீரென்று லேசான தூறல் வந்தால் ஓரத்து உப்பு வேருக்குள் கழுவிக்கொண்டு வரும். தூறும்போது சொட்டு நீரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். பார்ப்பவர் சிரிப்பார், பரவாயில்லை.

கெடிலக்கரை | ஜூன் 13, காலை 7:10

இனி எருவும் உரமும். செண்டுமல்லிக்குப் பரிந்துரை எக்டேருக்குத் தொழுவுரம் 25 டன், தழை, மணி, சாம்பல் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சத்து 90:90:75 கிலோ. தழையில் பாதி அடியுரம், மீதி 45ஆம் நாள். சென்ட்டுக்கு மாற்றினால்: தொழுவுரம் 100 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 225 கிலோ, பொட்டாஷ் அரைக் கிலோ, யூரியா அடியில் 390 கிராம், மேலுரமாக 390 கிராம்.

முத்தியால்பேட்டை மாடி | ஜூன் 13, காலை 7:26

சென்ட்டுக்கு 225 கிலோ சூப்பரா! அண்ணே, அதற்கு மேல் மண் எங்கே போடுவது?

கெடிலக்கரை | ஜூன் 13, காலை 7:41

ஏக்கர் கணக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சென்ட்டுக்கு 2.25 கிலோ. மேலே உள்ளதை அழிக்காமல் விடுகிறேன், அடுத்தவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

தாழங்குடா மணலுக்கு இரண்டு மாற்றம். ஒன்று, மணலில் யூரியா நிற்காது. அந்த 780 கிராமை இரண்டாகப் போடாமல் 15 நாள் இடைவெளியில் நான்காகப் போடுங்கள், தடவைக்கு 195 கிராம். 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு வேப்பம்புண்ணாக்குத் தூள் கலந்து ஓர் இரவு வைத்துப் போட்டால் கரைந்து ஓடுவது தாமதமாகும். இரண்டு, கடையில் பொட்டாஷ் என்று கொடுப்பது மியூரியேட், பாதிக்குப் பாதி குளோரைடு. ஏற்கெனவே கடல் குளோரைடு இருக்கும் இடத்தில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது. அதில் சாம்பல்சத்து 50 சதம், மியூரியேட்டில் 60. சென்ட்டுக்கு 600 கிராம்.

பாகூர் ஏரிக்கரை | ஜூன் 13, காலை 11:18

விலை வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டீர்கள். செண்டுமல்லி மூன்று, நாலு மாதப் பயிர், அதற்கு மியூரியேட்டையே சின்னச் சின்னதாகப் பிரித்துப் போட்டால் போதும். சல்பேட்டை வருடக்கணக்கில் நிற்கிற மல்லிகைக்கு வையுங்கள்.

கெடிலக்கரை | ஜூன் 13, பகல் 12:03

ஒத்துக்கொள்கிறேன். ஊற்று நீர் கிடைத்தால் நீங்கள் சொல்வதுதான்.

கேப்பர் மலை | ஜூன் 14, காலை 8:25

தொழுவுரம் "மக்கியது" என்று அழுத்திச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் சாணம் என்று தெரியக் கூடாது, மண் வாசனை வர வேண்டும், குவியலுக்குள் கைவிட்டால் சூடு இருக்கக் கூடாது. அரைகுறை எருவோடு கரையானும் வேர்ப்புழுவும் வரும். உள்ளே வெள்ளையாக 'சி' போல வளைந்த புழு தென்பட்டால் குவியலைக் கிளறிக் கோழிகளிடம் விடுங்கள்.

நெல்லிக்குப்பம் பக்கம் சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் (கரும்புச்சாறு வடிகட்டிய கசடு) கிடைக்கும். பச்சையாகப் போட்டால் சூடு கிளம்பி நாற்று வாடும். குவித்து, ஈரம் காத்து, 15 நாளுக்கு ஒரு முறை கிளறி, சூடு அடங்கிய பிறகுதான் பாத்திக்கு.

தாழங்குடா | ஜூன் 14, இரவு 9:02

ஜீவாமிர்தம் மட்டும் விட்டால் போதாதா? எரு 800 கிலோ வாங்க வேண்டியிருக்கிறது.

கெடிலக்கரை | ஜூன் 15, காலை 6:30

சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர், 48 மணி நேரம். ஒரு ஏக்கருக்கு ஒரு பீப்பாய். அதில் போகும் சத்தைக் கூட்டினால் ஒரு கூடை எருவுக்கு மேல் தேறாது. அது உயிரூட்டும் கரைசல். உயிர் வாழ மண்ணில் சாப்பாடு இருக்க வேண்டும், மணலில் அது இல்லை. எருவோடு சேர்த்து விடுங்கள், எருவுக்குப் பதிலாக வேண்டாம்.

எருவைக் குறைக்க வழி தக்கைப்பூண்டு, பசுந்தாள் உரப்பயிர். உவரையும் தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, சென்ட்டுக்கு 200 கிராம். 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்காது. ஆடியில் விதைத்தால் புரட்டாசி முதலில் மடக்கிவிடலாம், மழை பிடிப்பதற்குள் மக்கிவிடும்.

முத்தியால்பேட்டை மாடி | ஜூன் 15, காலை 8:14

இழையைக் கொஞ்சம் மாடிக்கும் ஏற்றுங்கள். செம்மண், தேங்காய்நார்க் கழிவு, எரு மூன்றும் சமமாகக் கலந்த பை. ஒரு மாதத்தில் செங்கல் ஆகிவிட்டது.

கேப்பர் மலை | ஜூன் 15, காலை 9:40

எங்கள் மலை மண்தான் உங்கள் பைக்கு வந்திருக்கும். அதைத் தனியாகக் காயவிட்டாலே இறுகும். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. எடையும் குறையும், ஈரமான செம்மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல், மாடித் தளத்தை நினையுங்கள்.

நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை விடுங்கள், ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகில் வரும் வரை மூன்று, நாலு முறை அலசுங்கள். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலசினால் ஒட்டியிருக்கும் சோடியமும் இறங்கும். அந்தக் கரைசலில் சூப்பரையோ எப்சம் உப்பையோ சேர்த்துவிடாதீர்கள், அடியில் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வரி: செம்மண்ணில் பிஎச் 5.5 என்று வந்தால் அதற்கும் கடையில் ஜிப்சம் தருகிறார்கள். ஜிப்சம் பிஎச்சை ஏற்றாது. சுண்ணாம்புத்தூள் அல்லது டோலமைட், சீட்டில் சொல்லும் அளவு. மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது வேறு கணக்கு. அங்கே விழுது நேரடியாக மண்ணிலிருந்து கால்சியம் உறிஞ்சும்.

பாகூர் ஏரிக்கரை | ஜூன் 15, காலை 10:22

ஒரு மருந்து எல்லா நோய்க்கும். ஜிப்சத்துக்கு லேகியம் என்று பெயர் மாற்றிவிடலாம்.

தாழங்குடா | செப்டம்பர் 21, இரவு 8:15

தக்கைப்பூண்டு மடக்கியாகிவிட்டது. 11 அடி ஊற்றில் மீட்டர் 390. செண்டுமல்லியைத் தைக்குத் தள்ளிவிட்டேன். மல்லிகைக் குழி இப்போதே எடுக்கலாமா?

கெடிலக்கரை | செப்டம்பர் 22, காலை 6:40

390 என்றால் இசி 0.78, நல்ல தண்ணீர். குழி ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி, 1.25 மீட்டர் இடைவெளி. குழிக்கு 10 கிலோ மக்கிய எரு. டிரைக்கோடெர்மாவை (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) எருவில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் 15 நாள் மூடி வைத்துப் பிறகு குழியில் போடுங்கள். 50 கிலோ எருவுக்கு 2.5 கிலோ என்பது எக்டேர் அளவு. உங்கள் 4 சென்ட்டுக்கு ஒரு கூடை எருவில் 50 கிராம் போதும். பூஞ்சைக்கொல்லியையும் ரசாயன உரத்தையும் அதோடு சேர்க்க வேண்டாம்.

குழியை எடுத்து ஆற விடுங்கள், நடவு மட்டும் பெருமழை விட்ட பிறகு. வேர் பிடிக்காத கன்று தண்ணீர் நின்றால் மூன்றே நாளில் அழுகிவிடும்.

கெடிலக்கரை | செப்டம்பர் 22, காலை 7:05

விட்டுப்போனது. வளர்ந்த செடிக்கு வருடத்துக்கு 60:120:120 கிராம். அதாவது யூரியா 130, சூப்பர் 750, சல்பேட் பொட்டாஷ் 240 கிராம், நவம்பரில் கவாத்து செய்ததும் பாதி, ஜூன்–ஜூலையில் பாதி. புத்தகம் நவம்பர் கடைசி வாரம் என்கிறது. நம் கரையில் அது புயல் காலம். மணலில் போட்ட உரம் வாய்க்காலில் போய்விடும். மழை ஓய்ந்து, வானம் வெளுத்து ஒரு வாரம் ஆன பிறகு கவாத்தும் உரமும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்கள்.

தாழங்குடா | டிசம்பர் 28, மாலை 5:50

'வி' வெட்டி 10 இடத்தில் எடுத்த மாதிரி: மேல் அடுக்கு இசி 0.4, கீழ் அடுக்கு 0.6, பிஎச் 7.7. தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. வரப்போரம் முன்பே நின்ற இரண்டு பழைய மல்லிகையில் மட்டும் புது இலை மஞ்சள், நரம்பு பச்சை. தழைச்சத்து குறைவா?

கெடிலக்கரை | டிசம்பர் 28, இரவு 8:20

தழைச்சத்து என்றால் பழைய இலைதான் முதலில் வெளுக்கும். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை சில சொட்டு விட்டு, வெயில் தாழ இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சரியாகும் வரை மாதம் ஒரு முறை. அன்னபேதி பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பாக மாறியிருந்தால் வாங்காதீர்கள்.

தெளிப்பதற்கு முன் ஓரத்து வேர் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, அப்போது அன்னபேதி வீண். தையில் போடும் செண்டுமல்லி வரிசையை அந்தச் செடிகளைச் சுற்றிக் கொண்டுபோங்கள், செடிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் வையுங்கள்.

தாழங்குடா | டிசம்பர் 29, காலை 7:12

தோண்டினேன். முடிச்சு இல்லை. ஆனால் அந்த இரண்டு செடிக்குப் பக்கத்தில்தான் சுவருக்குப் பூசிய சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

கெடிலக்கரை | டிசம்பர் 29, காலை 7:20

சுண்ணாம்புதான் இரும்பை வேருக்குக் கிடைக்காமல் பூட்டுகிறது. முதலில் அதை அள்ளுங்கள். அன்னபேதி நாளைக்கு.